விலையும் மாற்றும்: ஒசூர் – கிருட்டிணகிரி எல்லைப் பகுதியின் விலைமுறை வரலாறு

விலை என்னுஞ் சொல் வில் என்னும் வினையடியாகப் பிறந்தது. கன்னடத்தில் அது பெலெ என வழங்கும். தெலுங்கில் வெல என வழங்கும். சந்தை என்னுஞ் சொல்லும் அவ்வாறே கன்னடத்தில் சந்தெ எனவும் தெலுங்கில் சந்த எனவும் நிற்கும். இம்மூன்று மொழியினரும் உருது பேசுவோரும் ஒருங்கு கூடி வாழும் ஒசூர் வட்டாரத்தில், ஒருவர் மொழியை மற்றொருவர் முற்றும் அறியாராயினும், விலையைக் குறிக்குஞ் சொல்லை மட்டும் யாவரும் அறிவர். விற்பவன் விலை கூறுவான். கொள்பவன் விலை கேட்பான். கூறுதல் கேட்டல் என்னும் இவ்விரு வினைகளுக்கும் இடையில் நிகழ்வனவற்றை, இந்த எல்லைப் பகுதியின் கடந்த அரை நூற்றாண்டு வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொருளியலார் விலையை எண்ணாகக் காண்பர். செலவு இவ்வளவு, ஊதியம் இவ்வளவு, போட்டியாளர் கூறும் விலை இவ்வளவு எனக் கணக்கிட்டு அதன் ஏற்ற இறக்கத்தை விளக்குவர். அது வேண்டுவதே. எனினும் ஒசூரில் தோன்றிய பெருந்தொழில்களின் வரலாற்றை நோக்குங்கால் ஒன்று புலனாகின்றது. கொள்வோர் ஒரு விலையை ஏற்றதற்கும் மறுத்ததற்கும் அதன் உயர்வு தாழ்வு மட்டும் காரணமாகவில்லை. அவ்விலைக்குள் அடங்கியிருப்பது யாது என்பதைத் தாமே ஆராய்ந்து அறிய அவர்களுக்கு வழியிருந்ததா இல்லையா என்பதே பெரிதும் காரணமாயிற்று. இதனை உணர்த்தும் சான்றுகள் பல. அவற்றுள் பொன்னைப் பற்றியது தலையாயது. ஆதலின் அதனையே ஈண்டு விரித்துரைப்பேன்.

முதற்கண் பழைய வழக்கை ஒரு சிறிது நோக்குதல் தகும். உப்புக்கு நெல்லை நேராகக் கூறித் தெருவில் விற்றுச் செல்லும் உமணர் மகளிரைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. அங்கு விலை ஊரறியக் கூறப்படுவது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் மிகையாகக் கொள்ளாமலும் குறைவாகக் கொடாமலும் பண்டத்தின் விலையை வெளிப்படக் கூறி விற்றனர் எனப் பட்டினப்பாலை அவர்களைப் போற்றுகின்றது. சோழர் காலத்து நிலவிற்பனைக் கல்வெட்டுகளில், இரு திறத்தாரும் தம்முள் இசைந்த விலை என்னுங் கருத்து மீண்டும் மீண்டும் வரும். விலை என்பது ஒருவர் விதிப்பதன்று, இருவர் இசைவது என்பதே அவ்வாவணங்களின் உட்கிடை.

இவ்விடத்துக் கறார் என்னுஞ் சொல்லைப் பற்றி ஒன்று கூறாமல் அப்பாற் செல்ல மனம் இடந்தரவில்லை. 'கறார் விலை' என்று எழுதிய பலகையை நம் கடைத்தெருக்களில் யாவரும் கண்டிருப்பர். அரபு மொழியினின்று உருது வழியாக வந்த இச்சொல்லுக்கு உறுதி, உடன்பாடு என்பனவே பொருள். இருவர் உடன்பட்ட விலையைக் குறித்திருக்க வேண்டிய சொல், பேரத்திற்கு இடமில்லை என்று ஒருவரே அறுதியிடும் விலையைக் குறிப்பதாகத் தமிழில் மாறிற்று. உடன்பாட்டைக் குறித்த சொல் பேச்சை மறுக்குஞ் சொல்லானது, நம் கடைகளின் வரலாறு முழுவதையும் ஒரு சொல்லில் அடக்கிக் காட்டுகின்றது எனலாம்.

கல்வெட்டுகளில் செவிடைபாடி என வழங்கிய ஒசூர், அண்மைக் காலம் வரை சேலம் மாவட்டத்தின் வடமேற்கு மூலையில் இருந்த சிறிய ஊரே. 1965இல் தருமபுரி மாவட்டம் பிரிந்தபோது அதன்பாற் பட்டது. 2004இல் கிருட்டிணகிரி மாவட்டம் தனியே அமைந்தபோது அதன்பாற் சேர்ந்தது. இவ்வூர் வளர்ந்ததற்குக் காரணம் அதன் இருப்பிடம். பெங்களூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பெருநகரின் சந்தையும் தொழில்நுட்ப அறிவும் கைக்கெட்டும் தொலைவில் இருக்க, தமிழ்நாட்டு அரசு பின்தங்கிய பகுதிக்கு அளித்த சலுகைகளும் ஒருங்கே கிடைத்தன. 1971இல் நிறுவப்பெற்ற சிப்காட் நிறுவனம் ஒசூரில் தொழிற்பேட்டையை அமைத்தது. எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் பெருந்தொழில்கள் வந்து சேர்ந்தன. எல்லையில் ஜூஜூவாடிச் சோதனைச்சாவடி இருந்தது. 2017 சூலைத் திங்களில் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வரும் வரையில், அச்சாவடிக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே பண்டம் இரு வேறு வரியோடு இரு வேறு விலையில் விற்றல் இயல்பு. ஒசூரிலும் அத்திப்பள்ளியிலும் விலை கேட்டுப் பார்த்துப் பின் வாங்குவோரை எல்லை ஊர் மக்கள் நன்கறிவர்.

இத்தொழில்களுள் மக்கள் வாழ்வில் முதலில் புகுந்தது டி.வி.எஸ். 50 என்னும் சிறு வண்டியாகும். 1980இல் ஒசூரினின்று வெளிவந்த இவ்வண்டி, இருவர் ஏறிச் செல்லத்தக்க முதல் இந்திய மொபெட் என்னும் பெயர் பெற்றது. அக்காலத்து வண்டி வாங்க விழைவோர் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டுப் பல ஆண்டு காத்திருந்தனர். மிதிவண்டிக்கும் ஸ்கூட்டருக்கும் இடையே விலையில் பெரிய வெற்றிடம் இருந்தது. அவ்விடைவெளியையே இந்நிறுவனம் தனக்குரிய இடமாகக் கொண்டது. வாங்கியோர் அதனை ஊர்தியாக மட்டும் கருதவில்லை. பால் கேன்களும் காய்கறி மூட்டைகளும் துணிப்பொதிகளும் ஏறின. வாங்கிய விலையை வண்டியே உழைத்துத் திருப்பித் தரும் என்பதைப் பக்கத்து வீட்டு வண்டியைப் பார்த்தே ஒருவர் அறிந்துகொள்ளலாம். இங்கு ஆராய்ந்தறிதல் எளிது. ஆதலின் இவ்வண்டியின் விலையைப் பற்றி ஐயம் எழவில்லை; மேலும் விரித்தற்கும் ஈண்டு ஒன்றுமில்லை.

கைக்கடிகாரத்தின் செய்தி வேறு. பெங்களூரில் எச்.எம்.டி. நிறுவனம் சப்பானிய நாட்டு சிட்டிசன் நிறுவனத்தாரின் துணையுடன் 1961இல் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. முடுக்குவிசையால் இயங்கும் அக்கடிகாரங்கள் உறுதியானவை. பள்ளியிறுதித் தேர்வில் வென்ற மகனுக்கும் மணமகனுக்கும் அவற்றையே வாங்கிக் கொடுத்தனர். பொதுத்துறை நிறுவனமாதலின் அதன் விலை மிதமாக இருந்தது; ஆனால் வேண்டியபோது வேண்டிய வகை கிடைப்பதரிது. அழகிய கடிகாரம் வேண்டுவோர் கடல் வழியாகக் கள்ளத்தனமாக வந்த அயல்நாட்டுக் கடிகாரத்தை நாடினர். அதன் விலைக்கு வரம்பில்லை; அது மெய்யானதா போலியா என்று அறியவும் வழியில்லை.

இந்நிலையில் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமாகிய டிட்கோவும் கூடி 1984இல் டைட்டன் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. டாடா இண்டஸ்ட்ரீஸ் என்பதன் முதலெழுத்துகளும் தமிழ்நாடு என்பதன் முதற்பகுதியும் சேர்ந்து அப்பெயர் அமைந்தது என்பர். தமிழாய்வாளர்க்கு இங்கு ஒரு வியப்பு உண்டு. டிட்கோவின் தலைமைப் பொறுப்பில் இருந்து இக்கூட்டு முயற்சிக்கு வழிவகுத்தவர், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளைப் படித்துத் தந்த அறிஞர் ஐராவதம் மகாதேவன் (1930–2018) ஆவார். புகழூர்க் குகையில் கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவனின் கொடையைக் குறிக்கும் கல்வெட்டு உண்டு. அக்கல்வெட்டுகளை ஆராய்ந்தவர் அவர். அவர் தொடங்கி வைத்த பேச்சின் பயனாய் எழுந்த நிறுவனமே பின்னாளில் நாட்டின் பெரும் பொன்வாணிக நிறுவனங்களுள் ஒன்றாகும் என்பதை அன்று எவரும் எண்ணியிருக்க இயலாது.

டைட்டன் கடிகாரங்கள் 1987இல் விற்பனைக்கு வந்தன. நிறுவனத்தை முதற்கண் நடத்தியவர் செர்க்சிஸ் தேசாய். அவர் எடுத்த முடிவுகளுள் முதன்மையானது, முடுக்குவிசைக் கடிகாரத்தைத் தொடாமல் குவார்ட்ஸ் கடிகாரங்களையே செய்வது என்பது. இம்முடிவு விலை பற்றிய பழைய கருத்தையே தலைகீழாக்கிற்று. முன்னர்க் காலத்தைப் பிழையின்றிக் காட்டும் கடிகாரமே விலை மிக்கது. அதன் நுண்மைக்கே விலை. குவார்ட்ஸ் கடிகாரத்தில் விலை குறைந்ததும் விலை உயர்ந்ததும் காலத்தை ஏறத்தாழ ஒரு தன்மையாகவே காட்டும். அவற்றின் இயந்திரச் செலவிலும் பெரிய வேறுபாடில்லை. ஆகவே நுண்மையைக் கொண்டு விலை கூற வழியில்லை. முகப்பு, பொன்முலாம், வார், மெலிந்த வடிவு ஆகிய தோற்றக் கூறுகளைக் கொண்டே விலையைப் படிப்படியாக வகுக்க வேண்டியதாயிற்று. பல வகைகளை ஒருங்கே வெளியிட்டு, ஒவ்வொன்றின் படத்தையும் விலையையும் செய்தித்தாள் விளம்பரத்தில் நிரல்பட அச்சிட்டனர். பன்னாட்டுத் தரமுடைய கடிகாரத்தை நம் நாட்டு ரூபாயில் வாங்கலாம் என்பது அவ்விளம்பரத்தின் கருத்து. கள்ளக் கடத்தற் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு அது கொள்வோரை அழைத்தது. எச்.எம்.டி.யின் மிதமான விலையோடு போட்டியிட அது முற்படவில்லை என்பது கருதற்பாலது.

படமும் விலையும் அச்சில் வந்தமையால் நேர்ந்த விளைவு பெரிது. கடைக்குச் செல்லும் முன்னரே கொள்வோர் விலையை அறிந்தனர். செய்தித்தாள் துண்டைக் கையிற்கொண்டு 'இது வேண்டும்' என்றனர். பேரம் பேசும் வழக்கம் கடிகாரத்தைப் பொறுத்தவரை ஒழியத் தொடங்கிற்று. திருமணத்திற்கும் பிறந்தநாளுக்கும் பரிசளிக்க விரும்புவோர், தாம் செலவிட எண்ணிய தொகைக்கேற்ற கடிகாரத்தை அப்படிவரிசையில் தேர்ந்தெடுத்தனர். கொள்வோன் பண்டத்திற்கு விலை தேடுதலை விடுத்துத் தன் தொகைக்குப் பண்டம் தேடும் நிலை இது. பரிசுப் பொருளுக்கு விலை வகுப்போர் இன்றும் இவ்வியல்பையே பற்றுகின்றனர்.

எனினும் படியின் கீழ்ப்பகுதி ஒழிந்து கிடந்தது. குறைந்த விலைக் கடிகாரத்தை அமெரிக்க டைமெக்ஸ் நிறுவனத்துடன் கூடி விற்கும் ஏற்பாடு தொண்ணூறுகளில் நடந்தது. அக்கூட்டு அப்பத்தாண்டின் இறுதியில் முறிந்தது. பின்னர் டைட்டன் நிறுவனம் சொனாட்டா என்னும் வேறு பெயரில் மலிவு விலைக் கடிகாரத்தைத் தானே விற்றது. ஒரே பெயரின்கீழ் உயர்ந்ததும் தாழ்ந்ததும் நின்றால் உயர்ந்ததன் மதிப்புக் குறையும் என்னும் அச்சமே பெயர் வேறுபட்டதற்குக் காரணம். எச்.எம்.டி.யோ முடுக்குவிசைக் கடிகாரத்தை விட்டு முற்றும் விலக இயலாமல் தளர்ந்து, அதன் கடிகாரப் பிரிவை மூட 2016இல் நடுவணரசு இசைந்தது. மிதமான விலை மட்டும் ஒரு தொழிலைக் காக்கவில்லை.

இனிப் பொன்னுக்கு வருவோம். கடிகாரத்தின் உறுப்புகளை அயல்நாட்டினின்று வாங்க அந்நியச் செலாவணி வேண்டியிருந்தது. அதனை ஈட்டும் பொருட்டு நகை செய்து ஏற்றுமதி செய்ய டைட்டன் நிறுவனத்தார் எண்ணினர். ஏற்றுமதி எண்ணியவாறு வாய்க்காமையால் உள்நாட்டுச் சந்தையை நோக்கித் திரும்பினர். ஒசூரில் நகைத் தொழிற்சாலை எழுந்தது. தனிஷ்க் என்னும் பெயரில் முதற்கடை 1996இல் சென்னையில் திறக்கப்பெற்றது. அப்பெயரின் பிற்பகுதி, பொற்காசையும் கழுத்தணியையும் குறிக்கும் நிஷ்கம் என்னும் வடசொல்லினின்று வந்தது. தொடக்கத்தில் அங்கு விற்றவை பெரும்பாலும் வைரம் பதித்த 18 காரட் நகைகள். வடிவம் ஐரோப்பியப் பாங்கினது, வேலைப்பாடு நுண்ணியது, விலையும் உயர்ந்தது. மக்கள் அவற்றைப் பார்த்தனர். பெரும்பாலோர் வாங்காமல் திரும்பினர்.

இம்மறுப்பை மக்களின் அறியாமை என்று கூறினாரும் உளர். அஃது உண்மையன்று. தமிழ்நாட்டுக் குடும்பத்தில் நகை அணிகலன் மட்டுமன்று, அது சேமநிதி. மகளின் திருமணம், மகனின் கல்லூரிக் கட்டணம், மருத்துவச் செலவு ஆகியவற்றுக்கு அது அடகுக் கடைக்குச் செல்லும், மீளும், மீண்டும் செல்லும். 22 காரட் பொன்னின் விலை நாள்தோறும் செய்தித்தாளில் வெளிவரும். அடகு பிடிப்போரும் அதனையே அளவாகக் கொள்வர். 18 காரட் நகைக்கு அத்தகைய பொது அளவில்லை. வேலைப்பாட்டிற்குக் கொடுத்த பணமோ உருக்கினால் கரைந்துபோகும். கொள்வோர் நகையின் இன்றைய விலையை மட்டும் நோக்கவில்லை. அது திரும்ப விற்கப்படும் நாளின் விலையையும் உடன் நோக்கினர்.

இதற்கு முன்னும் ஒருமுறை இத்தகைய மறுப்பு நிகழ்ந்ததுண்டு. 1963 சனவரியில் நடுவணரசு பொற்கட்டுப்பாட்டு விதிகளை வெளியிட்டு, 14 காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்தலைத் தடுத்தது. மொரார்ஜி தேசாய் அப்போது நிதியமைச்சர். பொற்கொல்லர் பல்லாயிரவர் வாழ்விழந்தனர். மக்களோ 14 காரட் நகையை ஏற்கவேயில்லை. அவ்விதி சில ஆண்டுகளில் தளர்த்தப்பட்டது. அரசின் ஆணையால் இயலாதது ஒரு நிறுவனத்தின் விளம்பரத்தால் இயலும் என எண்ணியது பெரும் துணிவே. தனிஷ்க் நிறுவனத்தார் விரைவில் 22 காரட்டுக்கு மாறினர்.

மாறியபின் புதிய இடர் எதிர்ப்பட்டது. ஊர்தோறும் உள்ள பொற்கடையில் 22 காரட் எனக் கூறி விற்கும் நகையின் விலை தனிஷ்க் நகையின் விலையினும் குறைவாக இருந்தது. இருவரும் 22 என்கின்றனர். ஒருவர் மலிவாகக் கொடுக்கின்றார். அறிவுடையார் மலிவையன்றோ நாடுவர்? விலை ஒப்பீடு இங்கு எண்ணுக்கும் எண்ணுக்கும் இடையிலன்று. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில். ஒருவர் கூறும் 22உம் மற்றவர் கூறும் 22உம் ஒன்றா என்பதே வினா.

இவ்வினா தமிழகத்திற்குப் புதியதன்று. பொன்னின் தரத்தை மாற்று என்றனர் முன்னோர். பத்தரை மாற்று என்பது மிகத் தூய பொன்னுக்கு வழங்கும் பெயர். உரைகல்லில் உரைத்து, தரம் அறிந்த ஆணியின் கீற்றோடு ஒப்பிட்டு மாற்றுக் காண்பர். தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகள், இராசராசன் முதலியோர் அளித்த பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லாலும் அணிகளைத் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்லாலும் நிறுத்த செய்தியை விரிவாகக் கூறுகின்றன. நிறைகல்லுக்கு இறைவன் பெயரை இட்டமை பத்திமை மட்டுமன்று. எவரும் ஐயுறா அளவுகோல் ஒன்று பொதுவில் வேண்டும் என்னும் தெளிவுமாகும். கோயிலுக்கு அக்கல் இருந்தது. கடையில் நகை வாங்கும் பெண்ணுக்கு உரைகல்லும் இல்லை, ஆணியும் இல்லை. வணிகனின் சொல் மட்டுமே இருந்தது.

தனிஷ்க் நிறுவனம் தொண்ணூறுகளின் இறுதியில் காரட்மீட்டர் என்னும் கருவியைக் கடைகளில் வைத்தது. எக்சு கதிர்களைக் கொண்டு நகையை உருக்காமல், உரைக்காமல் அதன் மாற்றைச் சிறிது நேரத்தில் காட்டுவது இக்கருவி. யாவரும் தம் பழைய நகையைக் கொணர்ந்து கட்டணமின்றிச் சோதித்துக்கொள்ளலாம் என அறிவித்தனர். வந்தனர், சோதித்தனர், பலர் திகைத்தனர். தலைமுறை தலைமுறையாக நம்பி வாங்கிய கடையின் நகை 22க்குக் குறைந்து நின்றது. பின்னர் ஒரு திட்டம் வகுத்தனர். 19 காரட்டும் அதற்கு மேலும் உள்ள நகையைக் கொடுப்போர், அதே எடைக்கு 22 காரட் நகையைச் செய்கூலி மட்டும் கொடுத்துப் பெறலாம் என்றனர்.

இதன் பொருளைக் கணக்கிட்டுக் காண்டல் நன்று. தூய பொன் 24 பங்கு. 22 காரட்டில் அமைந்த 8 கிராம் பவுன் ஒன்றில் தூய பொன் 7.33 கிராம் உண்டு. 19 காரட்டில் அதே பவுனில் 6.33 கிராமே உண்டு. வேறுபாடு ஒரு கிராம். 22 என்று கூறி 19 விற்ற கடையில் பத்துப் பவுன் வாங்கியவர், ஒரு பவுனுக்கும் மேற்பட்ட தூய பொன்னைப் பெறாமலே அதற்கு விலை கொடுத்தவராவார். மலிவு எனத் தோன்றியது மலிவன்று. அவ்வொரு கிராமின் இழப்பை நிறுவனம் தன்மேல் ஏற்றுக்கொண்டது. தள்ளுபடி என்பது விலையைக் குறைத்தல், இஃது அதுவன்று. விலையைக் குறைக்காமல், பிறர் விலையின் உண்மையை வெளிப்படுத்துதற்குச் செய்த செலவு இது. என் கருத்தில், இந்திய வணிக வரலாற்றில் இதனினும் கூர்மையான விலைமுறை அரிது. அது தன்னலங் கருதியதே என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் பயன் அந்நிறுவனத்தோடு நிற்கவில்லை. பிற கடைகளும் இக்கருவியை வாங்கி வைக்க வேண்டியதாயிற்று.

பொற்கொல்லர்க்காக ஒரு சொல். சிலப்பதிகாரம் முதலாக நம் இலக்கியம் அவர்மேல் பழியைச் சற்று மிகுதியாகவே சுமத்தியுள்ளது. நகையின் மாற்றுக் குறைவுக்கு எப்போதும் வஞ்சனையே காரணமன்று. உறுப்புகளை ஒட்டுதற்குப் பொடி வேண்டும். பொடியில் பிற உலோகம் கலக்கும். ஒட்டு மிகுந்த நகையில் மொத்த மாற்றுத் தாழும். பொடிவைத்துப் பேசுதல் என்னும் வழக்கு இத்தொழிலினின்றே பிறந்தது. குறை, தாழ்ந்த மாற்றுக்கு உயர்ந்த மாற்றின் விலையைப் பெற்ற கடைக்காரரிடத்தே தவிர, உலைக்களத்தில் ஊதிக்கொண்டிருந்தவரிடத்தே மட்டும் இருந்ததாகக் கொள்ளுதல் நேரிதன்று.

மாற்று வெளிப்பட்டபின் போட்டி எங்கே சென்றது? சேதாரத்திற்குச் சென்றது. நகையின் விலை நான்கு கூறுகளால் ஆயது: பொன்னின் அன்றைய விலை, செய்கூலி, சேதாரம், வரி. முதலாவது ஊரறிந்தது, நான்காவது அரசு விதித்தது. இடையிலுள்ள இரண்டுமே வணிகன் கையில் உள்ளவை. சேதாரம் என்பது அராவும்போதும் உருக்கும்போதும் உதிர்ந்து வீணாகும் பொன். பட்டறைக் குப்பையையும் அலசி அத்துகளை மீட்போர் உண்டு என்பதை யாவரும் அறிவர்; பொறிகளால் நகை செய்யுங்காலத்தில் உதிர்வதும் குறைவு. எனினும் சேதாரம் விலைச்சீட்டில் நூற்றுக்கு இத்தனை என நின்றுகொண்டே இருக்கின்றது. இழப்பைக் குறித்த சொல் ஊதியத்தின் பெயராயிற்று. ஒரு கடை சேதாரம் இல்லை என்று முழங்கிச் செய்கூலியை உயர்த்தும். மற்றொன்று செய்கூலி இல்லை என்று முழங்கிச் சேதாரத்தை உயர்த்தும். கூட்டிப் பார்க்கும் பொறுமை வாங்குவோர் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை.

அரசும் காலந்தாழ்ந்தே வந்தது. இந்தியத் தர அமைவனம் பொன் நகைக்கு முத்திரையிடும் முறையை 2000இல் தொடங்கியது. விரும்புவோர் இட்டுக்கொள்ளலாம் என்றிருந்த அதனை 2021 சூன் 16 முதல், முதற்கண் 256 மாவட்டங்களில், கட்டாயமாக்கியது. 2023 ஏப்பிரல் முதல் ஒவ்வொரு நகைக்கும் ஆறு குறிகள் கொண்ட தனியடையாளமும் வேண்டும் என்றாயிற்று. 916 என்னும் எண் இன்று எழுத்தறியாதாரும் அறிந்த எண். சேதாரத்திற்கு அத்தகைய முத்திரை எதுவுமில்லை.

விலையைக் கூறுபடுத்திக் காட்டும் இம்முறை பொற்கடைக்கே உரியதன்று. இதே மாவட்டத்தில் அண்மையில் எழுந்த மின் ஸ்கூட்டர்த் தொழிலிலும் அது தலைகாட்டிற்று. போச்சம்பள்ளியில் தொழிற்சாலை அமைத்த ஓலா நிறுவனம், 2021 ஆகத்து 15ஆம் நாள் தன் வண்டியின் விலையை 99,999 ரூபாய் என அறிவித்தது. இலட்சத்திற்கு ஒன்று குறைந்த இவ்வெண், பாட்டா செருப்புக் கடை வாயிலாக நமக்கு நெடுநாள் பழக்கமானதே. கண் முதலெழுத்தையே பற்றும். ஒரு ரூபாயின் குறைவு ஓரிலட்சம் என்னும் சொல்லையே விலக்கிவிடும். ஒசூரில் ஏத்தர் நிறுவனமும் டி.வி.எஸ். நிறுவனமும் மின் ஸ்கூட்டர் செய்தன. தொழிற்சாலை விலை ஒன்றரை இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத வண்டிக்கே நடுவணரசின் மானியம் கிடைக்கும் என்பது அப்போதைய விதி. மின்னேற்றுங் கருவிக்கு நிறுவனங்கள் தனியே விலை பெற்றன. அதனையும் சேர்த்தே வண்டியின் விலையைக் கணக்கிட வேண்டும் என அரசு வினவியபின், மேற்கூறிய மூன்று நிறுவனங்களும், ஆந்திரத்தில் வண்டி செய்யும் மற்றொரு நிறுவனமும், அக்கருவிக்குப் பெற்ற தொகையை வாங்கியோர்க்குத் திருப்பித்தர 2023இல் இசைந்தன. கருவியின்றி வண்டி ஓடாது. அப்படியிருக்க அது வண்டியின் புறத்தே நின்றது எங்ஙனம்? சேதாரத்தைக் கண்ட கண்ணுக்கு இது வியப்பன்று.

அவ்வாண்டு சூன் முதல் நாள் மானியம் குறைக்கப்பட்டது. கிலோவாட் மணி ஒன்றுக்கு 15,000 ரூபாயாக இருந்தது 10,000 ஆயிற்று. விலையில் நூற்றுக்கு 40 வரை என்றிருந்த வரம்பு 15 ஆயிற்று. வண்டி விலைகள் உயர்ந்தன. மே மாதத்தில் இந்தியாவெங்கும் நூறாயிரத்தைக் கடந்த மின் இருசக்கர வண்டிகளின் பதிவு, சூனில் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கிற்று. வரும் உயர்வை முன்னரே அறிந்தோர் மே மாதத்திலேயே முந்தி வாங்கியதும் இச்சுருக்கத்திற்கு ஒரு காரணமாதல் கூடும். பழைய டி.வி.எஸ். 50 வாங்கியவர் பக்கத்து வீட்டு வண்டியைப் பார்த்து விலையை மதித்தார். மின் வண்டி வாங்குபவரோ மின்கலத்தின் ஆயுளையும் அரசாணையின் ஆயுளையும் ஒருங்கே மதிக்க வேண்டியவரானார்.

இதுகாறும் கூறியவர் யாவரும் தாமே விலை கூறவல்லார். இம்மாவட்டத்தில் அது மாட்டாதாரும் உளர். கிருட்டிணகிரி, காவேரிப்பட்டினம், பர்கூர், சந்தூர் வட்டாரங்களில் விளையும் மாங்கனிகளுள் பெரும்பகுதி, கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் வழங்கும் தோத்தாபுரி. நேரே உண்பதற்கு அன்றிக் கூழ் செய்வதற்கே அது மிகுதியும் செல்லும். கூழ்த் தொழிற்சாலைகள் அன்றன்று கூறுவதே அதன் விலை. கனி மரத்தில் நில்லாது. பறித்தபின் வண்டியிலும் நில்லாது. ஆதலின் மறுத்துத் திரும்பும் வலிமை விளைவித்தவனுக்கு இல்லை. வாசலில் வண்டி நிரையாக நிற்கும் நாளில் விலை மேலும் தாழும். 2025 சூனில் விலை வீழ்ந்தபோது, அண்டை மாநிலத்துச் சித்தூர் மாவட்ட நிருவாகம் தன் உழவரைக் காக்கும் பொருட்டுப் பிற மாநிலத் தோத்தாபுரி உள்ளே வருதலைத் தடுத்தது. கருநாடக அரசு அதனை எதிர்த்துக் கடிதம் எழுதியது. ஜூஜூவாடியில் வரிச்சாவடி ஒழிந்த எட்டாண்டுகளில், மாங்கனிக்கு மட்டும் வேறோர் எல்லையில் சாவடி எழுந்தது.

கட்டுரையின் தொடக்கத்தில், விற்பவன் விலை கூறுவான், கொள்பவன் விலை கேட்பான் என்றேன். கூழ்த் தொழிற்சாலையின் வாயிலில் இவ்விரு வினைகளும் இடம் மாறி நிற்கின்றன. அங்கு மாங்கனி ஏற்றிவந்த உழவன், 'இன்றைக்கு என்ன விலை?' என்று கேட்கின்றான், கொள்பவர் கூறுகின்றார்.